காற்றில் வந்ததும் வயிற்றில் தேடியதும்

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி உலகத்துக்குப் போன சரக்கு என்றால் முத்து, சங்கு, உப்பு, பஞ்சு என்று யாரும் அடுக்கிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்று பேதி மருந்து. நிலாவாரை இலை. லண்டன் மருந்துச் சந்தையில் இதற்குப் பெயர் ‘டின்னவேலி சென்னா’. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான், அதனால் பெயரில் திருநெல்வேலி ஒட்டிக்கொண்டது. இதற்குப் போட்டியாக இருந்தது எகிப்துத் துறைமுகம் வழியாக வந்த ‘அலெக்சாண்டிரியா சென்னா’. மலச்சிக்கல் வந்த ஐரோப்பியக் கனவான் ஒருவருக்கு முன்னால் இருந்த தேர்வு, ஒன்று நைல் நதிக்கரை, இல்லாவிட்டால் நம்ம ஊர் கரிசல். இன்றைக்கும் உலகத்துக்கு நிலாவாரை அனுப்புவதில் இந்தியாதான் முன்னால் நிற்கிறது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி வழியாகத்தான் போகிறது.

இலை வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. அதில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் இரைப்பையில் ஒன்றும் செய்யாது. சிறுகுடலையும் சும்மா கடந்துவிடும். பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளால் அதை உடைக்கும். உடைந்து வருவதுதான் குடலைக் கிளப்பிவிடுகிறது. ராத்திரி குடித்தால் காலையில் போவதற்குக் காரணம் இந்தப் பயண நேரம். (நொதி என்று பாடப்புத்தகம் சொல்லும், என்சைம் என்று மருந்துக்கடை சொல்லும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன்.)

தும்மலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பேதியில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. கடந்த சில வருடங்களாக, சீசன் அலர்ஜிக்குச் செரிமான என்சைம் சாப்பிடுங்கள் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. காப்ஸ்யூலாகவும் பவுடராகவும் விற்கிறார்கள். பப்பாளியிலிருந்து எடுத்த பப்பெயின், அன்னாசியிலிருந்து எடுத்த ப்ரோமலைன், பூஞ்சையிலிருந்து எடுத்த டயாஸ்டேஸ். சாப்பாடு சரியாகச் செரிக்காததால் கழிவு தேங்குகிறது, தேங்கிய கழிவுதான் தும்மலாகவும் மூக்கொழுகலாகவும் வீசிங்காகவும் வருகிறது என்று விளக்கம் சொல்வார்கள். பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வார்த்தைகள் புதுசு. யோசனை ரொம்பப் பழசு. நிலாவாரை மூட்டைகளைக் கப்பலேற்றியதும் இதே யோசனைதான்.

1819 மார்ச் 16ஆம் தேதி ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றில் ஒரு கட்டுரை வாசித்தார். ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் கண் அரிக்கிறது, மூக்கு அடைக்கிறது, தொடர்ந்து தும்மல், நெஞ்சில் இறுக்கம். எட்டு வயதிலிருந்து இப்படி. நோயாளியின் பெயர் ஜே.பி. என்று மட்டும் குறிப்பிட்டார். ஜே.பி. வேறு யாருமில்லை, அவரேதான். பருவகால ஒவ்வாமையைத் தெளிவாக வர்ணித்த முதல் மருத்துவக் கட்டுரை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அவர் செய்து பார்த்த வைத்தியங்களின் வரிசையைப் படித்தால் பாவமாக இருக்கிறது: ரத்தம் எடுத்தல், பேதி, கொப்புளம் போடுதல், பத்தியச் சாப்பாடு, சிங்கோனாப் பட்டை, இரும்பு, அபின், பாதரசம், குளிர்ந்த நீரில் குளியல். எதுவும் கேட்கவில்லை. மூக்கில் வந்த நோய்க்கு அவர் போகாத இடம் மூக்கு ஒன்றுதான்.

அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. நம்ம வீடுகளிலும் இதே கணக்குதான். நாலு மாசத்துக்கு ஒரு பேதி, ஆறு மாசத்துக்கு ஒரு வாந்தி என்பது சித்த மருத்துவத்தின் பழைய ஒழுங்கு. கபம் கட்டினால் கீழே இறக்கு, பித்தம் ஏறினால் வெளியே தள்ளு. கிரேக்க வழி வந்த ஐரோப்பிய மருத்துவத்திலும் இதே போலத் திரவக் கணக்கு இருந்தது. உடம்பு ஒரு பானை, அடியில் கசடு சேர்ந்தால் மேலே நுரை தள்ளும். ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: சித்தத்தில் மூக்குக்கென்று தனியாக நசியமும் இருந்தது. பேதியைவிட அடிக்கடி செய்ய வேண்டியது என்றும் வைத்திருந்தார்கள். நசியம் மறந்துபோய் பேதி மட்டும் ஏன் வீட்டு ஞாபகத்தில் தங்கியது?

எனக்குத் தோன்றும் காரணம் இது. வயிறு நம் கையில் இருக்கிறது. எதைத் தின்றோம், எதைத் தின்னவில்லை, எப்போது தின்றோம் என்று கணக்குப் பார்க்கலாம். தப்பைக் கண்டுபிடிக்கலாம், பத்தியம் இருந்து பரிகாரம் தேடலாம். காற்றிடம் அப்படி ஒரு பேரமும் நடக்காது. இன்னொன்றும் இருக்கிறது. வயிறு காரணம் என்று சொல்லிவிட்டால் குற்றவாளி நோயாளிதான். காற்று காரணம் என்றால் அந்தக் காற்றில் அதைக் கலந்தது யார் என்று கேட்க வேண்டிவரும்.

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர் மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் ஜூன் மாதத் தும்மல். ஹோமியோபதி மருத்துவர் என்பது கூடுதல் சுவாரசியம். வருடக்கணக்கில் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். புல்லின் மகரந்தத்தை முகர்ந்து பார்த்தார். கையில் கீறி அதன்மேல் மகரந்தத்தை வைத்தார், தடிப்பு வந்தது. இன்று ஒவ்வாமை மருத்துவர் நம் கையில் வரிசையாகக் குத்திப் பார்ப்பதற்கு மூதாதை அந்தக் கீறல்தான். பிறகு பிசுக்குத் தடவிய கண்ணாடிச் சில்லுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே ஏற்றினார். மேலேயும் மகரந்தம் ஒட்டியது. வயலுக்குப் பக்கத்தில் போகாத நகரவாசிக்கும் தும்மல் ஏன் என்பதற்கு அதில் பதில் இருந்தது. 1873இல் புத்தகமாகப் போட்டார்.

இந்த இடத்தில் பாஸ்டாக்கின் இன்னொரு அனுபவத்துக்குப் போக வேண்டும். தொடர்ந்து சில கோடைகளை அவர் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில், கடலை ஒட்டிய மேட்டு வீட்டில் கழித்தார். அங்கே நோய் குறைந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை, வெயில்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தவர். நமக்குத் தெரியும், கடலிலிருந்து வரும் காற்றில் மகரந்தம் ரொம்பக் குறைவு. அப்படியானால் கடற்கரை ஊர்க்காரர்களான நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் இல்லையா?

இல்லை. தூத்துக்குடி இருப்பது கிழக்குக் கரையில். ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் காற்று மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வறண்டு இறங்கி, கரிசலையும் செம்மண்ணையும் துடைத்து எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுகிறது. இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி குதிரைமொழித் தேரி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல்மேடு. ஆயிரக்கணக்கான வருடங்களாகக் காற்று கொண்டுவந்து குவித்த மண் அது. ஆடி மாசம் எங்க ஊர் வீடுகளில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கூட்டினாலும் தரையில் பாதம் பதியும்.

மண்ணோடு நிற்பதில்லை. காற்று வரும் வழியெல்லாம் உடைமரம். சீமைக்கருவேலம், வேலிக்காத்தான் என்று ஊருக்கு ஒரு பெயர். இதன் பூவைத் தேனீயும் தேடி வரும், மகரந்தம் காற்றிலும் பறக்கும். இந்தியாவில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் மகரந்தப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. காமராஜர் காலத்தில் விதை தூவினார்கள் என்று எங்க பக்கம் சொல்வார்கள். அப்போதும் தூவியிருக்கலாம். ஆனால் மரம் அதற்கு எண்பது வருடம் முன்பே வந்துவிட்டது. 1876இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், வறண்ட நிலத்தில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு எழுதினார். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தின் வருடங்கள் அவை. விறகு வேண்டும், நிழல் வேண்டும், தண்ணீர் இல்லாமல் வளர வேண்டும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. விளாத்திகுளம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றைக்கும் கரிமூட்டம்தான் சோறு. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது நடந்த விவாதமெல்லாம் நிலத்தடி நீரைப் பற்றி. மூக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதே கதை ஜப்பானில் பெரிய எழுத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மொட்டையான மலைகளில் அரசாங்கம் லட்சக்கணக்கில் சுகி மரம் நட்டது, வீடு கட்ட மரம் வேண்டுமே. நட்ட மரம் வளர்ந்து பூத்தது. சுகி மகரந்த ஒவ்வாமை நிக்கோ என்ற ஊரில் இருப்பதாக 1964இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இன்று அது அந்த நாட்டின் தேசிய நோய் மாதிரி. அந்த மக்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சீரணம் கெட்டுப்போனது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஜப்பான் வந்தது நல்லதாகப் போயிற்று. என்சைம் மாத்திரையின் பிறப்பையும் அலர்ஜி மருந்தின் பிறப்பையும் ஒரே மனிதரிடம் பார்க்கலாம். ஜோகிச்சி டகமினே, பிறந்தது 1854. அரிசியில் வளரும் கோஜி என்ற பூஞ்சையை வைத்து ஜப்பானியர்கள் காலங்காலமாக சாக்கே மது வடித்தார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அந்தப் பூஞ்சையில் நிறைய. இதை வைத்து அமெரிக்காவில் விஸ்கி காய்ச்சலாம் என்று 1890இல் டகமினே கப்பலேறினார். பியோரியா நகரத்தில் முயற்சி தொடங்கியது. வடிசாலை தீப்பிடித்து எரிந்தது. விஸ்கி போனால் போகட்டும் என்று அதே நொதியைப் பொடியாக்கி, ‘டாகா டயாஸ்டேஸ்’ என்று 1894இல் காப்புரிமை வாங்கினார். பார்க் டேவிஸ் கம்பெனி அதை அஜீரண மருந்தாக விற்றது. அமெரிக்கா அளவுக்கு மீறிச் சாப்பிடத் தொடங்கிய காலம், நன்றாக விற்றது. இன்றைக்கு நம்ம மருந்துக்கடையில் வாங்கும் செரிமான சிரப்பைத் திருப்பிப் பாருங்கள், ‘ஃபங்கல் டயாஸ்டேஸ்’ என்று இருக்கும். டகமினேயின் பேரப்பிள்ளை அது.

அந்தப் பணத்தில் நியூயார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்தார். 1900ஆம் வருடக் கோடையில் அவரும் உதவியாளர் கெய்சோ உயேனகாவும் மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைச் சுத்தமான படிகமாகப் பிரித்தார்கள். அட்ரினலின். அதையும் பார்க் டேவிஸ்தான் விற்றது. 1903இல் நியூயார்க்கில் இரண்டு மருத்துவர்கள் அதை ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். மூச்சு திறந்தது.

அதே சமயம் கடலில் இன்னொன்று நடந்தது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ரிச்செட், போர்ட்டியர் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடலுயிர்களின் கொட்டும் விஷத்தை ஆராய்ந்தார்கள். நம்ம கடற்கரையில் சொறி என்று சொல்கிறோமே, அந்த வகையறா. ஊர் திரும்பி, கடல் சாமந்தி விஷத்தை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். நாய்க்குக் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அடுத்த தடவை தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில வாரம் கழித்துத் துளி கொடுத்ததும் நாய் செத்தது. உடம்பு பழகவில்லை, முறைத்துக்கொண்டிருந்தது. அனஃபிலாக்ஸிஸ் என்று 1902இல் பெயர் வைத்தார்கள். ரிச்செட்டுக்கு 1913இல் நோபல். அந்த 1902இல்தான் ஹெர்ட்மன் முத்துச்சிப்பியை ஆராய ஹார்னலோடு மன்னார் வளைகுடாவுக்கு வந்திறங்கினார். சொறி பட்டுத் தடித்த தோலோடு எத்தனை குளியாளிகளைப் பார்த்திருப்பார்களோ. அனஃபிலாக்ஸிஸுக்கு உயிர் காக்கும் முதல் மருந்து அன்றிலிருந்து இன்றுவரை டகமினேயின் இரண்டாவது பாட்டில்தான்.

ஆக ஒரே மனிதர், ஒரே கம்பெனி, இரண்டு பாட்டில். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. டகமினே இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. குழப்பியது பின்னால் வந்தவர்கள். எட்வர்ட் ஹவெல் என்ற அமெரிக்கர் 1946இல் ஒரு புத்தகம் போட்டார். உடம்பில் என்சைம் ஒரு வங்கிக் கணக்கு மாதிரி அளவோடுதான் இருக்கிறது, சமைத்த சாப்பாடு அதைக் கரைக்கிறது, கரைந்தால் நோய் என்றார். வங்கிக் கணக்கு உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணையம் அப்படி நடந்துகொள்வதில்லை. நொதி புரதம்தான், தினமும் புதிதாகச் செய்துகொள்கிறது. மாக்ஸ் வோல்ஃப் நொதிக் கலவைகளை உடம்பு முழுக்க வேலை செய்யும் மருந்தாக முன்வைத்தார். இந்தியாவில் அதன் சாயலை நாம் எல்லோரும் விழுங்கியிருக்கிறோம். பல் பிடுங்கினால், கால் பிசகினால், வலி மாத்திரையோடு சேர்ந்து வரும் செராஷியோபெப்டிடேஸ். பட்டுப்புழுவின் குடலில் இருந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஜப்பானின் டக்கேடா கம்பெனி, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் காட்ட முடியாமல், 2011இல் தன் மருந்தைத் தானே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. நம்ம ஊரில் இன்னும் ஓடுகிறது.

பப்பாளிக்கு வருவோம். அது எனக்குப் பிடித்த பாத்திரம். அமெரிக்க மண்ணின் பழம், முத்துக்குளித்துறைக்கு வந்த அதே போர்த்துகீசியர் காலத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடு என்பது நம் அடுக்களை அறிவு. அந்த அறிவை விஞ்ஞானமாக எழுதியவர்களில் முந்தியவர் ஒரு வங்காள மருத்துவர், ஜி.சி. ராய். பப்பாளிப் பால் புரதத்தைக் கரைப்பது பற்றி 1873இல் கல்கத்தா மருத்துவ இதழில் எழுதினார். பப்பெயின் என்ற பெயர் பிறகு பாரிஸில் வைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை பப்பெயின் ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாடாக இருந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் பால் எடுப்பதற்கு ஏற்றவை என்று பெயர் வாங்கின. காயின் தோலை விடியற்காலையில் கீறிப் பாலை வடித்துக் காய வைப்பார்கள். பால் பட்ட கை அரிக்கும்.

ஒவ்வாமையைப் புரிந்துகொண்டதில் பப்பெயினுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, ஆனால் வயிற்றுக்குள் போய் அல்ல. 1959இல் ராட்னி போர்ட்டர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆன்டிபாடியைப் பப்பெயினால் வெட்டினார். துண்டுகள் கிடைத்தன: எதிரியைப் பிடிக்கும் கைகள் தனி, அடித்தண்டு தனி. நோபல் 1972இல் வந்தது. 1960களின் பிற்பாதியில் இஷிசகா தம்பதி ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனிலும் அதே நேரம் கண்டார்கள். ஐஜிஇயின் அடித்தண்டு மாஸ்ட் செல்லில் செருகிக்கொள்ள, கைகள் மகரந்தத்தைப் பிடிக்க, செல் வெடித்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. தும்மல் என்பது இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பப்பெயினே ஒவ்வாமையைக் கிளப்பும். சுண்டெலிக்கு மூச்சொவ்வாமை வரவைக்க வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் மூக்கில் விடும் பொருள்களில் ஒன்று பப்பெயின். தலையணைத் தூசியில் வாழும் சிற்றுண்ணியின் எச்சத்தில் டெர் பி 1 என்ற புரதம் உண்டு, வீட்டுத்தூசி அலர்ஜியின் பெரிய குற்றவாளி. அது பப்பெயினின் குடும்பத்து நொதி, கிட்டத்தட்ட சித்தப்பா மகன். சலவைத்தூளில் என்சைம் சேர்க்க ஆரம்பித்த காலத்தில், 1969இல், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள். முதுகுத்தட்டு நோய்க்கு ஊசியாகப் போட்ட பப்பாளி நொதி சிலருக்கு அனஃபிலாக்ஸிஸ் வரவழைத்தது. நிலாவாரையும் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அந்தத் தூளைக் கையாண்டவர்களுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இருப்பதை 1991இல் பதிவு செய்தார்கள். வயிற்றைக் கழுவ எடுத்துப்போன இலை, பொட்டலம் கட்டியவரின் மூக்கில் வேலையைக் காட்டியது.

எங்க ஆபீஸில் ஒரு சிஸ்டம் விழுந்தால் முதல் கேள்வி, எந்த போர்ட் வழியாக உள்ளே வந்தது என்பதுதான். போர்ட் என்றால் துறைமுகம்தானே. மகரந்தம் நுழையும் துறைமுகம் மூக்கு. அங்கேயே மாஸ்ட் செல் காத்துக்கொண்டு இருக்கிறது, அங்கேயே சண்டை. காப்ஸ்யூல் இறங்குவது வேறு துறைமுகத்தில். அங்கே அதுவும் ஒரு புரதம், இட்லியிலுள்ள உளுந்து மாதிரி, பெரும்பாலும் செரித்துப் போகும். உணவு ஒவ்வாமையில் மட்டும் செரிமானத்துக்கு ஓரளவு பங்கு இருக்கிறது. அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மீன் போன்ற உணவுப் புரதங்கள் சரியாக உடையாமல், ஒவ்வாமை உண்டாக வாய்ப்பு கூடுகிறது என்று வியன்னாவில் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. இறாலின் ஒவ்வாமைப் புரதம் சூட்டையும் தாங்கும், இரைப்பை நொதிக்கும் அவ்வளவு எளிதில் மசியாது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டேஸ் மாத்திரை உதவும், ஆனால் அது அலர்ஜியே அல்ல, நொதிக் குறைவு. கணையம் பழுதானவருக்கு நொதி மாத்திரை உயிர். இதையெல்லாம் ஒரே பாட்டிலில் போட்டுக் குலுக்கி ‘அலர்ஜிக்கு என்சைம்’ என்று ஒட்டினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை வாசனை வரத்தான் செய்யும்.

அம்மாவுக்கு அந்த வாசனை போதுமானதாக இருந்தது. தூத்துக்குடியில் இருக்கிறாள், பத்து வருடமாக ஆடியில் வீசிங். டாக்டர் கொடுத்த இன்ஹேலரைச் சேலைக்கு அடியில் அலமாரியில் ஒளித்து வைத்திருப்பாள். பம்பு அடிச்சா பழகிரும், அப்புறம் விட முடியாது என்பது தெருவின் தீர்ப்பு. ரெண்டு வருடம் முன்னால் எதிர்வீட்டு அக்கா ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசுதான், அவரும் யாரிடமோ சேர்ந்து விற்றுக்கொண்டிருந்தார். “மூக்குல வாறதெல்லாம் வயித்துல இருந்துதான் வருது, அதச் சரி பண்ணு.” அம்மா இன்ஹேலரை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கி, வார்த்தை முழுசாக வராமல், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நெபுலைசர், ஆக்ஸிஜன். நான் காலை ரயிலில் போய் இறங்கினேன். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “நான் என்னய்யா தப்பாச் சாப்பிட்டேன்?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. அவள் ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லை. அறுபது வயதுப் பெண், மூச்சு முட்டிச் சாகப்போய்த் திரும்பி, முந்தின வாரம் தின்ற கத்தரிக்காயை நினைத்துக் குற்றவுணர்வோடு படுத்திருக்கிறாள். பாட்டில் செய்த பெரிய கேடு அது மூச்சுக்கு உதவாதது அல்ல.

இந்தக் கடற்கரையில் சலாபம் நடந்த நாள்களில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார், எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. ராத்திரி மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாது என்று. பிறகு வந்த வெள்ளைக்கார அரசாங்கமும் அவர்களுக்குக் கூலி கொடுத்தது. நம்பிக்கை இருந்து அல்ல, கடல்கட்டி இல்லாமல் குளியாளி கடலில் இறங்க மாட்டான், அதனால். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மந்திரம் சொன்ன அதே நேரத்தில் படகில் இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லைக் கட்டி இறங்கியவன் கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க. கடல்கட்டி இருக்கிறாரே, கயிறு எதற்கு என்று எந்த சம்மாட்டியும் சொன்னதில்லை. என்சைம் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், பலருக்கு அது பர்ஸைத் தவிர எதையும் கரைக்காது. கயிற்றை விடச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

கயிறு என்று நான் சொல்வது புதிரான பொருள் ஒன்றுமல்ல. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை, வீசிங் உள்ளவருக்கு இன்ஹேலர், தேவைப்பட்டால் 1911இல் லண்டனில் லியோனார்டு நூன் தொடங்கிவைத்த மகரந்த ஊசி. உலகெங்கும் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் ஒவ்வாமை வழிகாட்டியில் இவை இருக்கின்றன, செரிமான நொதி இல்லை. பழகிரும் என்ற பயத்துக்குப் பதில்: இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. விட முடியாமல் போவது மருந்தின் பழக்கம் அல்ல, நோய் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம். இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை டாக்டர் சொன்னபோது கேட்டாள்.

இப்போது இன்ஹேலர் டிவிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா வந்தால் இன்னும் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாராம். கத்தரிக்காய் திரும்ப வந்துவிட்டது. போன ஆடியில் நான் போயிருந்தபோது மேற்கு ஜன்னலைப் பகலெல்லாம் சாத்தி, ஓரத்தில் ஈரத்துணி செருகி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜப்பானில் சுகி பூக்கும் காலத்தில் வானிலை அறிக்கையோடு மகரந்த அளவையும் சொல்கிறார்கள். எங்க ஊரில் மீனவர்களுக்குக் காற்றின் வேகத்தைச் சொல்கிறார்கள், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. அதில் என்னென்ன பறந்து வருகிறது என்றும் சொன்னால் அம்மா ஜன்னலை எந்த வாரம் திறக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்வாள்.